பூனையின் ஆயுட்காலச் செலவு: வரவு செலவுத் திட்ட நோக்கில் ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவையும் எல்லையும்

யானையைக் கட்டித் தீனி போடுவதன் சிரமம் பற்றித் தமிழர் நெடுங்காலமாகப் பேசி வருகின்றனர். பூனையைக் கட்டித் தீனி போடுவது பற்றி ஒரு பேச்சும் இல்லை. இதற்கு இரண்டு காரணங்கள் கூறலாம். ஒன்று, பூனையைக் கட்ட முடியாது. இரண்டு, தீனி போடுவதாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. முதற்காரணம் விலங்கியலார் பாடு. இரண்டாவது காரணத்தை இவ்வாய்வு எடுத்துக்கொள்கிறது.

"உங்கள் வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா?" என்று கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் இதுதான்: "வளர்க்கல்லாம் இல்லீங்க, அது பாட்டுக்கு வரும், போகும்." இந்த விடையைச் சொல்லும்போது பூனை அவர் மடியில் இருக்கும். ஆய்வாளன் எழுத்துச் சான்றுகளை மட்டும் நம்பாமல் மடியையும் நோக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.

ஆய்வு வினாக்கள் இரண்டு. ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு ஒரு பூனை அதன் வாழ்நாள் முழுவதும் எவ்வளவு செலவு வைக்கிறது? அதை முன்கூட்டியே திட்டமிட இயலுமா? முதல் வினாவுக்கு ஒரு தொகை கிடைக்கும். இரண்டாவதற்கு இயலாது என்பதே விடை. எனினும் அதைக் காரணத்தோடு சொல்லாவிட்டால் கட்டுரை ஒரு வரியில் முடிந்துவிடும்.

ஆய்வுக்களம் சென்னை. எடுத்துக்கொண்ட வீடுகள் இருவகை. மீன் வாங்கும் வீடு 'அ' எனவும், மீன் வாங்காத வீடு 'ஆ' எனவும் குறிக்கப்படும். நாட்டுப்பூனை மட்டுமே ஆய்வுப் பொருள். காசு கொடுத்து வாங்கும் பர்ஷியன் வகையறா சேர்க்கப்படவில்லை. அவற்றுக்கு ரசீது உண்டு. ரசீது இருக்குமிடத்தில் ஆய்வாளனுக்கு வேலை இல்லை.

2. முன்னோர் ஆய்வுகள்

பூனைக்கு விலைப்பட்டியல் போட்ட பழைய நாடுகளுள் வேல்ஸ் குறிப்பிடத்தக்கது. பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட ஹைவல் தா என்ற அரசரின் பெயரால் வழங்கும் சட்டங்களில், கண் திறக்காத குட்டிக்கு ஒரு பென்னி, கண் திறந்தபின் எலி பிடிக்கும் வரை இரண்டு, எலி பிடித்துவிட்டால் நான்கு என்று மதிப்பு வைத்தார்கள். அரசரின் களஞ்சியப் பூனையைக் கொன்றாலோ திருடினாலோ தண்டம் தனி. பூனையை வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, தலை தரையில் படும்படி நிறுத்தி, வால் நுனி மறையும்வரை கோதுமையைக் கொட்டிக் கொடுக்க வேண்டும். சட்டம் இயற்றியவர்கள் உயிருள்ள பூனையை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை. மேலும், அவர்கள் சொன்னது விலை. நாம் தேடுவது செலவு. விலை ஒருநாள் விவகாரம், செலவு ஆயுள் விவகாரம்.

செலவை எதிர்கொண்டவர்களுள் லண்டன் அஞ்சல்துறையினர் குறிப்பிடத்தக்கவர்கள். 1868-இல் அங்கே மணியார்டர் அலுவலகத்தில் எலித்தொல்லை மிகவே, மூன்று பூனைகளைத் தகுதிகாண் பருவத்தில் நியமித்தனர். வாரத்துக்கு இரண்டு ஷில்லிங் கேட்கப்பட்டது. ஒரு ஷில்லிங் ஒப்பளிக்கப்பட்டது. குறைகிற ஊதியத்தைப் பூனைகள் எலி மூலமாக ஈட்டிக்கொள்ள வேண்டும், ஆறு மாதத்தில் எலி குறையாவிட்டால் படியும் குறையும் என்பது நிபந்தனை. கேட்டதில் பாதி, அதிலும் ஒரு மிரட்டல் என்னும் இந்த நடைமுறையை அரசு அலுவலகம் கண்ட எவரும் அடையாளம் கண்டுகொள்வர்.

அடுத்தது பிரிட்டிஷ் நிதியமைச்சகம். 1929 ஜூன் மாதம், திறமையான பூனை ஒன்றைப் பராமரிக்கச் சில்லறைச் செலவிலிருந்து நாளொன்றுக்கு ஒரு பென்னி எடுத்துக்கொள்ள அங்கே அனுமதி வழங்கப்பட்டது. அதாவது வாரத்துக்கு ஏழு பென்னி. 1932 ஏப்ரலில் இது வாரத்துக்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்னியாக, அதாவது பதினெட்டுப் பென்னியாக உயர்ந்தது. இடைப்பட்ட காலம் உலகப் பெருமந்தக் காலம் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1931-இல் அந்நாட்டு அரசு வேலையற்றோர் உதவித்தொகையை வெட்டியது, அரசு ஊழியர் சம்பளத்தை வெட்டியது. சம்பள வெட்டை எதிர்த்துக் கடற்படை மாலுமிகள் இன்வர்கார்டன் துறைமுகத்தில் கலகமே செய்தார்கள். கலகம் செய்த மாலுமிக்கு வெட்டு. கலகம் செய்யாத பூனைக்கு இரண்டரை மடங்கு உயர்வு. இந்த ஒரு தரவை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், முடிவுரையில் தேவைப்படும்.

நம்மவர் ஆய்வுகளுக்கு வருவோம். விஜயநகரத்தில் எலி பெருகியபோது கிருஷ்ணதேவராயர் வீட்டுக்கொரு பூனையும், அதற்குப் பால் ஊற்ற ஒரு பசுவும் கொடுத்தார் என்பது தெனாலிராமன் கதை. பூனையோடு அதன் பராமரிப்புக்கும் அரசே வழிசெய்த இத்தகைய முழுமையான திட்டம் அதன்பின் எந்த அரசும் அறிவித்ததாகத் தெரியவில்லை. தெனாலிராமன் முதல் நாளே கொதிக்கும் பாலை வைத்து நாக்கைச் சுடவைத்தான். பூனை பாலைக் கண்டாலே ஓடியது. பால் முழுவதும் வீட்டாருக்கு மிஞ்சியது. மானியத்தைப் பயனாளியிடமிருந்து பிரிக்கும் கலைக்கு இது முன்னோடி.

கோட்பாட்டளவில் இவற்றையெல்லாம் விஞ்சுவது கோவணச் சாமியார் கதை. சாமியாரின் கோவணத்தை எலி கடித்தது. எலிக்காகப் பூனை வந்தது. பூனைக்குப் பால், பாலுக்கு மாடு, மாட்டுக்குப் புல், புல்லுக்கு நிலம், நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஆள், கடைசியில் குடும்பம், குழந்தை, கடன். பூனைச் செலவு என்பது பூனையோடு நிற்பதில்லை என்ற உண்மையை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன பொருளியல் நூல் இல்லை. ஆனால் கதை ஓரிடத்தில் இடறுகிறது. சாமியார் ஒவ்வொரு கட்டத்திலும் யோசித்து முடிவெடுக்கிறார். நாம் ஆராயும் வீடுகளில் யாரும் எந்தக் கட்டத்திலும் முடிவெடுக்கவில்லை.

கம்பரை விட்டுவிட முடியாது. பாற்கடலை முழுதும் நக்கிக் குடித்துவிட நினைத்துப் புகுந்த பூனையைத் தம் அவையடக்கத்தில் அவர் நிறுத்துகிறார். பூனையின் பால் தேவைக்குத் தமிழ் இலக்கியம் வைக்கும் மேல்வரம்பு பாற்கடல் என்பது இதனால் தெரியவரும். புலவர்க்கு அது அடக்கம். பட்ஜெட் போடுபவர்க்கு அது எச்சரிக்கை.

3. கையகப்படுத்தும் செலவு

சுழியம்.

நாட்டுப்பூனையை யாரும் வாங்குவதில்லை. அது மாடிப்படியின் அடியில் குட்டியாக அகப்படும். அல்லது மழைநாளில் ஸ்கூட்டியின் கீழே கத்தும். அல்லது பின்வீட்டார் வீடு மாறிப் போகையில் 'மறந்து' விட்டுச்செல்வர். முதலீடு சுழியம் என்பதாலேயே யாரும் கணக்குப் புத்தகத்தைத் திறப்பதில்லை. பிரிட்ஜ் வாங்கினால் தவணை எத்தனை, கரண்டு பில் எவ்வளவு கூடும் என்று வீடே கூடிப் பேசுகிறது. பிரிட்ஜைவிட அதிக ஆண்டு வீட்டில் இருக்கப்போகும் ஒரு பொருள் எந்த விவாதமும் இன்றி உள்ளே வந்து, பிரிட்ஜின் மேலேயே ஏறிப் படுத்துக்கொள்கிறது.

4. நடப்புச் செலவினம்

4.1 பால். வருகிற பூனைக்குத் தமிழர் முதலில் வைப்பது பால். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடும் என்பது மருத்துவர் கூற்று. ஆகவே பால் செலவு தன்னளவில் சிறிது. அதன் விளைவாக வரும் துடைப்பம், பினாயில், ஊதுவத்தி ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பால் வேண்டாம் என்று மருத்துவர் சொன்ன பிறகும் இரு வகை வீடுகளிலும் பால் நிறுத்தப்படவில்லை. "ஒரு வாய்தானே" என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. நாளுக்கு நூறு மில்லி என்று கொள்வோம்.

இனிப்பு வகையில் ஒரு சேமிப்பு உண்டு. இனிப்பை உணரும் ஏற்பிக்குரிய மரபணுக்களுள் ஒன்று பூனையிடம் செயலிழந்திருப்பதை 2005-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். எனவே தீபாவளிப் பலகாரம் பத்திரமானது. பால்கோவாவைப் பூனை தின்றுவிட்டதாக வரும் புகார்கள் இதற்கு முரணல்ல. அது பாலுக்காகத் தின்றது. சர்க்கரை கூடவே போயிற்று.

4.2 மீன். 'அ' வகை வீட்டில் மீன் செலவு இலவசத்தில் தொடங்குகிறது. "பூனைக்குன்னா தலையை எடுத்துக்க கண்ணு, காசெல்லாம் வேணாம்" என்கிறார் மீன்காரம்மா. இதை நன்கொடை என்று பதிவு செய்தல் பிழை. சும்மா வாங்கிக்கொண்டே இருக்க முடியுமா என்ற கூச்சத்தில் வீட்டுக்காரர் தமக்குத் தேவையில்லாத அரைக்கிலோ வஞ்சிரத்தை வாங்குகிறார். இலவசத் தலையின் உண்மை விலை அரைக்கிலோ வஞ்சிரம். பூனைக்குத் தலையை வைத்தால், அது மோந்து பார்த்துவிட்டு வஞ்சிரத்தின் பக்கம் போகிறது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தமிழகக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் விலை ஏறும். அந்நாட்களில் குடும்பத்தார் கத்திரிக்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் மாறிவிடுகின்றனர். விலை ஏறினால் நுகர்வு குறையும் என்னும் பொருளியல் விதி மனிதரிடம் செல்லுபடியாகிறது. பூனை கத்திரிக்காயைப் பார்த்துவிட்டு அதை வைத்தவரைப் பார்க்கிறது. மறுநாள் காசிமேட்டு விலைக்குக் காரப்பொடி மீன் வருகிறது, ஒரு உறுப்பினருக்காக மட்டும்.

4.3 பிஸ்கட். 'ஆ' வகை வீட்டின் சிக்கல் வேறு. பூனையின் உடலால் டாரின் என்ற அமினோ அமிலத்தைப் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள இயலாது. மீன், இறைச்சியிலிருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் கண் பார்வை கெடும். இதயமும் தளரும் என்பது 1987-இல் நிறுவப்பட்டது. ஆகவே தயிர்சாதத்தில் பூனையை வளர்த்துவிடலாம் என்பது நடவாத காரியம். இங்கேதான் பொட்டலத் தீனி வீட்டுக்குள் வருகிறது. அது வந்த முறையை அவ்வீட்டார் உரையாடல் தெளிவாக்கும்.

"என்னடா அது பொட்டலம்?"

"பிஸ்கட் பாட்டி. பூனைக்கு."

"முட்டை போட்டதா?"

"இல்ல பாட்டி."

கேள்வி முட்டையோடு நின்றுவிட்டது. விடையும் பொய்யில்லை. மீன் படம் அச்சிட்ட பக்கம் சுவரைப் பார்க்கும்படி பொட்டலம் அலமாரியில் வைக்கப்பட்டது. அடுத்த மாதம் அது தீர்ந்தபோது, "பிஸ்கட் ஆயிடுத்து, வாங்கிண்டு வா" என்று நினைவூட்டியவர் பாட்டியே. எதைக் கேட்கக் கூடாது என்று அறிந்து கேட்பதே தணிக்கையின் உச்சம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இதில் வரியும் உண்டு. ஐஸில் வைத்த பச்சை மீனாக இல்லாமல் பொட்டலத் தீனியாக வாங்கினால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 'ஆ' வகை வீட்டார் தங்கள் ஆசாரத்துக்காக அரசுக்குச் செலுத்தும் கட்டணம் என இதைக் கொள்ளலாம்.

4.4 மண். தனிவீட்டில் இச்செலவு இல்லை. எதிர்மனையில் யாரோ கட்டடம் கட்டக் கொட்டிவைத்த எம்-சாண்டைப் பூனை பயன்படுத்திக்கொள்ளும். செலவு எதிர்மனைக்காரர் கணக்கில். அடுக்ககத்தில் அது நடவாது. 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட் லோ என்பவர், பூனைக்குச் சாம்பல் போட்டுவந்த அண்டைவீட்டுப் பெண்மணிக்கு உறிஞ்சும் களிமண்ணைக் கொடுத்துப் பார்த்தார். அது பிடித்துப்போகவே, ஐந்து பவுண்டு மண்ணைப் பையில் அடைத்து 65 சென்ட் என்று விலை வைத்தார். மண்ணை யார் காசு கொடுத்து வாங்குவார் என்று கடைக்காரர் ஐயுற்றதாகச் சொல்வர். நாம் விடுதலை அடைந்த அதே ஆண்டில் உலகப் பூனைக்காரர்கள் மண்ணுக்கு அடிமையானார்கள். இன்று சென்னை அடுக்ககத்தில் மூன்றாம் மாடிக்கு லிப்டில் ஏறும் பை, கட்ச் பகுதியில் வெட்டப்படும் பெண்டோனைட் களிமண்ணாக இருக்கக்கூடும். ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீட்டர் வந்த மண்ணை ஒதுக்கிவிட்டுப் பூனை துளசித்தொட்டியை நாடுவது தனி ஆய்வுக்குரியது.

4.5 மருத்துவம். ட்ரைகேட் ஊசி, வெறிநோய்த் தடுப்பூசி, பூச்சிமருந்து ஆகியவை ஆண்டுச் செலவு. இவற்றுக்கு முன் போக்குவரத்துச் செலவு வருகிறது. ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் பூனையை வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய, ஆட்டோவில் போக வேண்டும். 1903-இல் தொடங்கிய வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் செலவு மட்டு, வரிசை நீளம். தனியார் கிளினிக்கில் வரிசை குறைவு. எதைத் தேர்ந்தாலும் பூனை அன்று கத்திய கத்தலுக்கு ஈடாக வீடு திரும்பியதும் நெத்திலி.

கைவைத்தியச் சிக்கனம் இங்கே உதவாது. மனிதர் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. ஒரு மாத்திரையே கொன்றுவிடும். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வாசகர் ஆய்வுக்குரிய பகடி நீக்கிப் படிக்க வேண்டும்.

கருத்தடை அறுவையை ஒருமுறைச் செலவு என்று தள்ளிப்போடுவோர் உளர். பெண்பூனை ஐந்தாறு மாதத்திலேயே பருவமடையக்கூடும். சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினையும் பிடிக்கலாம். வட்டி குட்டி போடும் என்று கடன்காரர்கள் உருவகமாகச் சொல்வதை, உருவகம் நீக்கிக் காட்டும் முதலீடு இது ஒன்றே.

மனிதர் மருத்துவமும் இதில் அடங்கும். பூனை கீறிவிட்டால் வெறிநோய்த் தடுப்பூசிக்கு அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. ஆனால் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அரைநாள் விடுப்பு. விண்ணப்பத்தில் காரணம் எழுதும்போது 'சொந்த வேலை' என்றே எழுதுகிறார்கள். பூனை என்று எழுதினாரில்லை.

5. தேய்மானம்

வருமான வரி விதிகளின்படி மேசை நாற்காலி வகைக்கு ஆண்டுத் தேய்மானம் 10 சதவீதம். பூனை உள்ள வீட்டு சோபாவுக்கு இவ்விதி பொருந்தாது. அதன் கைப்பிடிகள் முதலாண்டிலேயே முழுத் தேய்மானம் அடைகின்றன. நடு இருக்கை, பூனை படுப்பதால் யாரும் உட்காராமல், புத்தம் புதிதாக இருக்கிறது. ஒரே பொருளின் ஓரங்களும் நடுப்பகுதியும் வெவ்வேறு வேகத்தில் தேயும் நிலையைக் கணக்கியல் இன்னும் எதிர்கொள்ளவில்லை. கொசுவலை, திரைச்சீலை, பட்டுப்புடவைத் தலைப்பு ஆகியவை இதன் உட்பிரிவுகள்.

வரிச்சலுகை உண்டா என்று சிலர் வினவலாம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 36-ஆம் பிரிவில் தொழிலுக்குப் பயன்படுத்திய விலங்கு இறந்தாலோ, நிரந்தரமாகப் பயனற்றுப் போனாலோ, அதன் அடக்கவிலையில் திரும்பக் கிடைத்தது போக மிச்சத்தைக் கழித்துக்கொள்ள இடம் இருந்தது. இதில் பூனைக்காரர் நுழைய மூன்று தடைகள். ஒன்று, அடக்கவிலை சுழியம். இரண்டு, பூனை தொழிலுக்குப் பயன்பட்டது என்று காட்ட மளிகைக்கடையோ அரிசி மண்டியோ வைத்திருக்க வேண்டும். மூன்றாவதே வலுவானது: பயனற்றுப் போனது என்று சொல்ல, முன்பு ஒருகாலத்தில் பயனுடன் இருந்ததை மெய்ப்பிக்க வேண்டும்.

6. வரவு

நேர்மையான ஆய்வில் வரவும் காட்டப்பட வேண்டும். எலி பிடித்தல் முதல் வரவு. பூனை எலியைப் பிடிக்கிறது. ஆனால் பிடித்ததைக் குடும்பத் தலைவரின் தலையணையருகே கொண்டுவந்து ஒப்படைக்கிறது. பொருளாக வந்த இவ்வருவாயைப் பெற்றுக்கொண்டவர்கள் மகிழ்ந்ததாகப் பதிவில்லை. தலையணை உறை வரவிலிருந்து கழிக்கப்பட்டது. கரப்பான், பல்லி ஆகியவை சில்லறை வரவு.

சகுன வகையில் ஒரு வரவு உண்டு. வெளியே கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்து கிளம்புவது வழக்கம். சொந்தப் பூனை நாள் முழுவதும் குறுக்கே போய்க்கொண்டிருப்பதால் அதற்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. விலக்கு கிடைத்தபின் தெருப்பூனையையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. இதனால் மிச்சமாகும் நேரத்தில் சட்டையிலுள்ள பூனைமயிரை எடுக்கிறார்கள். வரவும் செலவும் இங்கே நேராகின்றன.

7. கூட்டல்

இனிக் கணக்கு. பால், மீன், பிஸ்கட் சேர்த்து மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 12,000. மண் மாதம் 300 என்றால் ஆண்டுக்கு 3,600. ஊசி, பூச்சிமருந்து, ஆட்டோ வகையில் 2,000. ஆக ஆண்டுச் செலவு 17,600. கருத்தடைக்கு 5,000, எதிர்பாராத மருத்துவத்துக்கு 15,000 என ஒருமுறைச் செலவு 20,000. வீட்டுப்பூனையின் ஆயுளை 15 ஆண்டு எனக் கொண்டால், விலைவாசி ஏறாத கற்பனை உலகில் மொத்தம் 2,84,000 ரூபாய். ரிசர்வ் வங்கி இலக்கு வைத்திருக்கும் 4 சதவீதப் பணவீக்கத்தைச் சேர்த்தால் ஏறத்தாழ 3,72,000. சோபா தனி.

ஆயுளை மாற்றிப் பார்ப்பதும் நெறி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் க்ரீம் பஃப் என்ற பூனை 1967 முதல் 2005 வரை, 38 ஆண்டு மூன்று நாள் வாழ்ந்து கின்னஸில் இடம்பெற்றது. அந்த ஆயுளுக்கு நம் கணக்கு 15 லட்சத்து 33 ஆயிரத்தை எட்டும். ஓய்வுபெற்ற பின் குட்டிப்பூனைக்கு முதன்முதலாகப் பால் வைப்போர் உயில் எழுதும்போது இதைக் கருதுவது நலம்.

இத்தொகையைக் குடும்பக் கணக்கு நோட்டுகளில் தேடினால் கிடைக்காது. பால் 'பால்' என்ற தலைப்பில் இருக்கிறது. மீன் 'காய்கறி, மீன்' என்பதில். ஆட்டோ 'போக்குவரத்து'. புதுத் திரைச்சீலை 'பொங்கல் செலவு'. ஊசி 'மருத்துவம்', யாருக்கு என்ற குறிப்பு இன்றி. எந்தத் தலைப்பிலும் அடங்காதது 'இதர'. பூனை என்ற தலைப்பு எந்த நோட்டிலும் இல்லை. ஆண்டு முழுவதும் வீட்டில் நடமாடும் ஒன்று ஏட்டில் இல்லாமலிருப்பது நம் நிர்வாகத்துக்குப் புதிதன்று. போலி ரேஷன் அட்டையில் ஏட்டில் ஆள் இருப்பார், வீட்டில் இருக்கமாட்டார். இது அதன் மறுதலை.

8. பெயரிடல் கோட்பாடு

ஏன் ஏட்டில் ஏறவில்லை? பட்ஜெட் போட ஒரு தொடக்கத் தேதி வேண்டும். வேலைக்கு நியமன நாள் உண்டு, கடனுக்குக் கையெழுத்து நாள் உண்டு, திருமணத்துக்கு முகூர்த்த நாள் உண்டு. பூனைக்கு அப்படியொரு நாள் இல்லை. முதலில் அது வெளியில் நிற்கும் பூனை. பிறகு மிச்சம் தின்னும் பூனை. அப்போது அது குப்பை மேலாண்மையின் ஒரு பகுதி. பிறகு மழைக்கு உள்ளே வந்த பூனை. மழை நின்றுவிடும், 'மழைக்கு வந்தது' என்ற விளக்கம் நிற்காது.

எனினும் கூர்ந்து நோக்கினால் ஒரு தேதியை நிறுவ முடியும். அது பெயர் வைத்த நாள். பெயர் வைக்கும் வரை வைக்கும் சோறு மிச்சச் சோறு. பெயர் வைத்தபின் அது மீனுவின் சோறு. பெயரில்லாத பூனை இரண்டு நாள் வராவிட்டால் யாரும் கவனிப்பதில்லை. மீனு இரண்டு வேளை வராவிட்டால் டார்ச் லைட்டுடன் தெருவில் ஆள் நிற்கிறது. ஆட்டோவில் கட்டைப்பை ஏறுவதும், நோட்டில் 'இதர' வீங்குவதும் இந்த நாளுக்குப் பின்னரே.

அப்படியானால் பெயர் வைக்காமலிருப்பதே சிக்கனம் என ஆங்கொரு தடை எழும். அது பொருந்தாது. என்னை? பெயர் வைப்பது வீட்டில் பட்ஜெட் போடுபவர் அல்லர். ஆறு வயதுப் பேத்தி பள்ளியிலிருந்து வந்து வாசலில் ஒருமுறை கூப்பிடுகிறாள்; பூனை திரும்பிப் பார்க்கிறது. அத்தோடு ஒப்பந்தம் முடிந்தது. குடும்பத் தலைவருக்குச் செய்தி இரவுச் சாப்பாட்டின்போது தெரிவிக்கப்படும்.

9. வெளியேறும் செலவு

ஒப்பந்தத்தை முறிக்க முயன்றோர் வரலாறும் உண்டு. பூனையைச் சாக்கில் கட்டி ஊர்க்கோடியில் விட்டுவருவது பழைய முறை. விட்டவர் டீக்கடையில் சற்று நின்று வீடு திரும்பினால், பூனை திண்ணையில் இருக்கும். போக வரப் பெட்ரோல் மட்டுமே நிகரச் செலவு.

சட்டப்படியும் இது குற்றம். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் தக்க காரணமின்றி விலங்கைக் கைவிடுவதைத் தண்டிக்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. மூன்றே முக்கால் லட்சத்தருகே வரும் பொறுப்பிலிருந்து 50 ரூபாயில் விடுபட வழி இருந்தும் ஆய்வு வீடுகளில் யாரும் அந்த வழியில் போகவில்லை என்பது ஆய்வின் வியப்பூட்டும் முடிவுகளுள் ஒன்று. பொருளியல் அறிஞர்கள் மனிதனைப் பகுத்தறிந்து நடப்பவன் என்று கொள்வது இந்த இடத்தில் தளர்கிறது. அவர்கள் வீட்டில் பூனை இல்லாமல் எழுதியிருக்கக்கூடும்.

10. முடிவும் பரிந்துரையும்

ஆய்வு முடிவுகளைச் சம்பந்தப்பட்ட குடும்பங்களிடம் வைப்பது நெறி. அவ்வாறே 3,72,000 என்ற தொகையும் அதன் உட்பிரிவுகளும் இரு வீட்டாரிடமும் காட்டப்பட்டன. அதிர்ச்சியும், தொடர்ந்து சிக்கனமும் எதிர்பார்க்கப்பட்டன.

'அ' வகை வீட்டுத் தலைவர் தாளை இருமுறை படித்தார். "தடைக்காலத்துல மீன் என்ன விலை விக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்? இந்த ஆயிரத்துல எப்படி ஆகும்?" என்றார். மொத்தத் தொகையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

'ஆ' வகை வீட்டில் பாட்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். சென்ற மாதம் பால்காரனிடம் இரண்டு ரூபாய்க்காக வழக்காடியவர் அவர். "பிஸ்கட்டுக்கு ஏண்டா இவ்வளவு குறைச்சலாப் போட்டிருக்கே? மார்கழிக் குளிர்ல அதுக்குப் பசி ஜாஸ்தி" என்றார்.

1932-இல் பிரிட்டிஷ் நிதியமைச்சகம் செய்ததும் இதுவே. நாடே வெட்டப்பட்ட காலத்தில் கையில் கத்திரியோடு உட்கார்ந்திருந்தவர்கள் பூனையின் வரியை அடைந்ததும் ஏழைப் பதினெட்டாக்கினார்கள். பட்ஜெட் என்பது ஆசைக்கு வரம்பு கட்டும் கருவி. மற்றெல்லாச் செலவிலும் எழுதிக் காட்டிய தொகை கையைப் பிடித்து நிறுத்துகிறது. பூனைச் செலவில் மட்டும் அது, கொடுத்தது போதவில்லை என்று கொடுப்பவருக்கே தெரிவித்துவிடுகிறது. அரசுத் திட்டங்களில் திருத்திய மதிப்பீடு சில ஆண்டுகள் கூடும், சில ஆண்டுகள் குறையும். பூனைக்கு அது ஒரு திசையில்தான் போகும்.

ஆகவே இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே. பூனைக்குத் தனித் தலைப்பில் கணக்கு எழுதுவதைக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டும். இப்போது உள்ளபடி 'இதர' என்பதில் மறைந்திருக்கும் வரை செலவு ஆண்டுக்கு 17,600. தாளில் எழுதிக் காட்டிய மாதத்திலிருந்து 'ஆ' வகை வீட்டில் பிஸ்கட் இரண்டு பொட்டலம்.